சிவப்பு டேப் ஒட்டிய பை: ஏழு நாள் சைக்கிள் பயணத்தின் தண்ணீர்க் குறிப்புகள்

முதல் நாள். 74 கி.மீ., ஏற்றம் 600 மீ.

கிளம்புவதற்கு முன் வண்டியை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். இன்று பின்சக்கரம் தரையை விட்டு எழவே இல்லை. கூடாரத்திலும் தூங்கும் பையிலும் பார்த்துப் பார்த்து எடை குறைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அதில் பேரமே கிடையாது. ஏறக்குறைய ஆறு லிட்டர் நிரப்பியிருந்தேன்.

அக்கா வந்து பார்த்தார். என்னோடு ஏழு நாளும் ஓட்டப்போகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெடும்பயணம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"இன்னிக்கு வழியில எத்தனை குழாய் இருக்கு?"

"மூணுக்கா."

"அப்ப எதுக்கும்மா இத்தனையும் சுமக்கிற? ரெண்டு லிட்டர் வெச்சிக்கிட்டு மிச்சத்த மரத்துக்கு ஊத்து."

ஊற்றினேன். வண்டி உடனே வேறு வண்டி ஆகிவிட்டது. கொள்ளளவு வேறு, சுமக்கும் அளவு வேறு என்பது தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பச் சொல்கிறது மனசு.

எதை எங்கே வைத்திருக்கிறேன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஃபிரேம் முக்கோணத்துக்குள் இருக்கும் பையின் அடியில் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை. கனமானது பெடலுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருந்தால் வண்டி அலைபாயாது. முன் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் ஒரு லிட்டர் பாட்டில் ஒவ்வொன்று. இதில் ஒன்றை முழுசாகக் குடித்துவிட்டு அடுத்ததைத் தொடக் கூடாது. ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். இங்கே பாதி, அங்கே பாதி என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறேன். ஃபோர்க்கில் பாட்டில் உட்காரும் கேஜைப் பிடித்திருக்கும் திருகுகளை முதல் 20 கி.மீ. முடிந்ததும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள், கரடுமுரடான பாதையில் கட்டாயம் தளரும். ஃபிரேமின் கீழ்க்குழாய்க்கு அடியில் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று. முன்டயர் வாரி அடிக்கிற சேறும் சாணியும் நேராக அதன் மூடியில்தான் வந்து ஒட்டும். அதனால் அந்தத் தண்ணீர் கொதிக்கவைக்கும் சமையலுக்கு மட்டும்தான், வாய் வைத்துக் குடிப்பதே இல்லை. சீட்டுப் பையில் சுருட்டி வைத்த இரண்டு லிட்டர் காலிப் பை. எல்லாம் நிரம்பினால் ஏழே முக்கால் லிட்டர்.

இவை தவிர ஹேண்டில்பாருக்கு வெளியே ஒரு பை தொங்குகிறது. கழுத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். அதுதான் அழுக்குப் பை. ஓடைத் தண்ணீரை அள்ள அது மட்டும். வேறு எந்தப் பைக்குள்ளும் அது போகாது, வேறு எந்த மூடியும் அதில் ஏறாது.

இந்த டேப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடப் பயணம் முடிந்து வீடு திரும்பி ஒன்பதாம் நாள் வயிறு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் சாப்பாடு இறங்கவில்லை, ஐந்து கிலோ இறங்கிவிட்டேன். பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் கிருமி என்று வந்தது. 1681-இல் நுண்ணுயிர்களை முதன்முதலில் ஆராய்ந்த டச்சுக்காரர் லேவன்ஹுக் தன் மலத்தையே உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, ஓடியாடும் நுண்ணுயிர்களை விவரித்து எழுதினாரே, அதே கிருமி. உள்ளே போன நாளுக்கும் வயிறு கலங்கும் நாளுக்கும் நடுவே ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடுவதால், எந்த ஓடை என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. வடிகட்டி நன்றாகத்தான் இருந்தது. படுத்துக் கிடந்த நாட்களில் ஒவ்வொரு நிறுத்தமாக யோசித்துப் பார்த்தேன். பையை ஓடையில் முக்கினேன், அதே ஈரக் கையால் சுத்தமான பாட்டிலைத் திறந்தேன், மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டேன், பையின் வெளிப்புறத்தில் வழிந்த ஓடைத் தண்ணீர் வடிகட்டியின் பக்கவாட்டில் இறங்கி பாட்டில் வாயில் சொட்டியதைப் பார்த்துக்கொண்டே பிழிந்தேன். வடிகட்டி ஒரு வழியை அடைத்தது. நான் நான்கு வழியைத் திறந்துவிட்டிருந்தேன்.

இந்த வருடம் கைதான் என் கவனம். ஏழு நாளும் அதைத்தான் எழுதப்போகிறேன்.

இரண்டாம் நாள். 58 கி.மீ., ஏற்றம் 1,150 மீ.

குழாய்கள் நேற்றோடு முடிந்தன. பதினோரு மணிக்கு முதல் ஓடை. பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் ஆடுமாடுகளின் குளம்படி நிறைய இருந்ததால் இருநூறு அடி மேலே ஏறினோம்.

அங்கே செய்ததை அப்படியே சொல்கிறேன். பையை ஓடையில் முக்கவில்லை. டேப் ஒட்டிய சின்னக் குவளையால் அள்ளி, டேப் ஒட்டிய பைக்குள் ஊற்றினேன். பையின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தேன். பிறகு கை. ஓடையிலிருந்து தள்ளிப் போய், முந்தைய குழாயில் பிடித்த நல்ல தண்ணீர் இரண்டு மடக்கும் ஒரு சொட்டு சோப்பும் போட்டுக் கழுவினேன். ஆல்கஹால் ஜெல் இதற்குப் போதாது. கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாக கிரிப்டோ) என்று ஜியார்டியா மாதிரியே தண்ணீரில் வரும் இன்னொரு கிருமி உண்டு, அதன் கெட்டியான கூடு ஜெல்லுக்கு அசையாது, சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கழுவித் தள்ளும். அதற்கப்புறம்தான் சுத்தமான பாட்டிலின் மூடியைத் திறந்தேன். மூடி சட்டைப் பைக்குள். பல்லுக்கு அல்ல. வடிகட்டியைப் பையில் திருகி, முதல் இரண்டு வாய்த் தண்ணீரைத் தரையில் விட்டேன். வடிகட்டியின் முனை பாட்டில் வாயைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் இருக்க, மெதுவாகப் பிழிந்தேன். ஓங்கிப் பிழிந்தால் பையின் ஓரம் பிய்ந்துவிடும், பிய்ந்த பை வெளியே கசியும், கசிவது எங்கே போகும் என்பது போன வருடமே தெரிந்துவிட்டது.

ஒரு லிட்டருக்கு நாலு நிமிடம் ஆனது. பழகிவிட்டால் குறையும்.

என் வடிகட்டியின் துளை 0.1 மைக்ரான். ஜியார்டியாவின் கூடு 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோ 4 முதல் 6. இரண்டும் நுழைய வழியே இல்லை, பாக்டீரியாவும் நின்றுவிடும். வைரஸ் மட்டும் அதைவிடப் பல மடங்கு சின்னது, தாராளமாக வெளியே வந்துவிடும். வைரஸ் பெரும்பாலும் மனிதக் கழிவோடு வருவது. ஆகவே ஓடைக்கு மேலே குடியிருப்பு இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. இந்த ஓடைக்கு மேலே நான்கைந்து கூரைகள் தெரிந்தன. வடிகட்டிய பிறகு குளோரின் டை ஆக்சைடு மாத்திரையும் போட்டோம்.

மாத்திரை உறையில் நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது கிரிப்டோவுக்காக. சாதாரண குளோரினுக்கு அது சாகவே சாகாது என்று சொல்லும் அளவுக்கு முரட்டுப் பிடிவாதம் கொண்டது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் நகராட்சி சுத்திகரித்து, குளோரின் கலந்து அனுப்பிய குழாய்த் தண்ணீரிலேயே அது பரவி, ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். வடிகட்டி கிரிப்டோவை முன்பே நிறுத்திவிட்டது என்றால் பாக்கி வைரஸ்தான். அதற்கு அரை மணி போதும்.

மாத்திரை போட்டு ஐந்து நிமிடம் கழித்து மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மருந்துத் தண்ணீர் மரை முழுக்க வழியும்படி விட்டு மறுபடி இறுக்கினேன். உதடு படுவது அந்த மரையில்தானே.

அக்கா இங்கே ஒரு தப்பு செய்துவிட்டார். மாத்திரை போட்ட கையோடு எலுமிச்சைச் சுவை உப்புப்பொடியையும் கலக்கிவிட்டார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் வைட்டமின் சி. குளோரின் வகை மருந்து எதையும் வைட்டமின் சி கலந்தவுடனேயே முறித்துவிடும். ஒரு லிட்டரையும் கீழே ஊற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாற்பது நிமிடம் போனது. பொடி கலப்பதானால் மருந்தின் நேரம் முடிந்த பிறகு.

மூன்றாம் நாள். 49 கி.மீ., மணலும் எதிர்க்காற்றும்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காலையில் கடைசி ஓடையருகே நின்று கணக்குப் போட்டோம். அடுத்த ஆறு 66 கி.மீ. தள்ளி. நான் முன்பெல்லாம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வைத்திருப்பேன். அது சமவெளித் தார்ச்சாலைக்குத்தான் சரி. மணலில் தள்ளிக்கொண்டு போகும்போது மணிக்கு ஏழு கி.மீ. கூட நகராது, வியர்வை மட்டும் நிற்காது. அதனால் மணிக்கணக்குதான். ஒன்பது மணி நேரம், இந்த வெயிலுக்கு எனக்கு மணிக்கு முக்கால் லிட்டர், ஆக ஏறக்குறைய ஏழு. இரவு தங்க நேர்ந்தால் சமையலுக்கும் குடிக்கவும் இன்னும் இரண்டு.

வரைபடத்தில் 41-ஆவது கி.மீ.யில் கால்நடைத் தொட்டி ஒன்று இருந்தது. அதை நம்பி நான் ஆறு லிட்டரோடு கிளம்பினேன். அக்கா ஏழரை எடுத்தார்.

"தொட்டி இருக்கும்மா, அது நிச்சயம். அதுல தண்ணி இருக்குமான்னுதான் தெரியாது."

கேட்டிருக்க வேண்டும்.

இரண்டரை மணிக்குத் தொட்டிக்கு வந்து சேர்ந்தோம். முக்கால் பங்கு வெடித்த களிமண். ஒரு மூலையில் மட்டும் நாலு குடம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பச்சை. இலைப்பாசியின் பச்சை அல்ல, டப்பாவிலிருந்து பெயிண்டைக் கொட்டியது மாதிரி மேலே ஏடு கட்டிய பச்சை. ஓரத்தில் காய்ந்த இடத்தில் நீலம் கலந்திருந்தது. மண்வாடைக்கு மேலே அழுகிய வாடை.

எனக்கு உதடு வெடித்திருந்தது. கையில் ஒன்றரை லிட்டர்தான் பாக்கி. இரண்டு நிமிடம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலப்பச்சைப் பாக்டீரியா பெருகிய தண்ணீரில் ஆபத்து அந்த உயிரி மட்டுமல்ல, அது உமிழ்கிற நஞ்சு. அது கரைந்து கிடப்பது, என் வடிகட்டியில் நிற்காது. கொதிக்கவைத்தாலும் அழியாது. மாத்திரையையும் நம்ப முடியாது. கிருமியைக் கொல்ல நம்மிடம் மூன்று வழி இருக்கிறது, கரைந்த நஞ்சுக்கு ஒன்றுகூட இல்லை. முகம்கூடக் கழுவாமல் திரும்பினோம்.

நிழலில் உட்கார்ந்திருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. காலி பாட்டிலைக் காட்டினேன். அவர் தொட்டியைக் காட்டி இல்லை என்று தலையசைத்து, தெற்கே ஒரு மரவரிசையைக் காட்டினார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டுவதுபோல் செய்தார்.

எட்டு கி.மீ. போனதும் புரிந்தது. வறண்ட ஆறு. அது வளைந்து திரும்பும் இடத்தின் வெளிக்கரையில் மட்டும் செடி பச்சையாக இருந்தது, மணல் கறுத்திருந்தது. அக்கா பையிலிருந்து சின்ன மண்தோண்டியை எடுத்தார்.

"அது வேண்டாம்க்கா."

காலையில் ஒதுங்கப் போகும்போது குழி தோண்டுவது அந்தத் தோண்டியால்தான். அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைத்துவிட்டார். சட்டி மூடியாலும் கையாலும் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மணல் குளிர்ந்தது. இன்னும் ஒரு சாண் போனதும் விரலிடுக்கில் ஈரம் மினுங்கியது. பக்கச் சுவர் சரிந்து சரிந்து விழுந்ததால் வாயை அகலப்படுத்தி, சுற்றிலும் கூழாங்கல் அடுக்கினோம். முதலில் ஊறியது காப்பி நிறத்தில் இருந்தது, இறைத்துக் கொட்டினோம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது முறை தொடாமல் உட்கார்ந்திருந்தோம். அடியில் ஒரு மணல் துகள் எழும்பிச் சுழன்று அடங்குவதும், பக்கத்தில் இன்னொன்று எழும்புவதும் தெரிந்தது. ஊற்றுக்கண். மணற்கேணி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, இன்றைக்குத்தான் அதன் ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று லிட்டர் தேறியது. குவளை, சிவப்பு டேப் பை, வடிகட்டி, மாத்திரை. கால்நடை நடமாடும் இடம் என்பதால் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த அரை மணி நேரக் காத்திருப்பு இந்தப் பயணத்திலேயே நீளமானது. பாட்டில் மடியில் இருக்கிறது, தொண்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் அக்காவைப் பார்க்கிறேன்.

கூடாரம் மேட்டில்தான். வறண்டதுதானே என்று ஆற்றுக்குள் படுக்கக் கூடாது. மேலே எங்கோ பெய்யும் மழை இங்கே ராத்திரியில் வெள்ளமாக வரும்.

எனக்குத் தலைவலி, சிறுநீர் அடர்மஞ்சள். வெறும் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்ளாமல் உப்புக்கரைசல் குடித்தேன். பொட்டலம் இல்லாதபோது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நாள் முழுக்க வியர்த்துவிட்டு உப்பில்லாத தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் உயிருக்கு ஆபத்துதான். கரைசலைக் கலப்பது எப்போதும் பாட்டிலில். ஃபிரேம் பையில் சர்க்கரை போனால் குழாயெல்லாம் பூசணம் பிடித்துவிடும்.

நான்காம் நாள். 31 கி.மீ.

ஒன்பது மணிக்கு ஆற்றை அடைந்தோம். ஆறு முழுக்க வண்டல். விரலை விட்டால் இரண்டாவது கணு தெரியவில்லை.

இதை நேரே வடிகட்டியில் விட்டால் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அக்காவிடம் புற ஊதா விளக்குப் பேனா இருக்கிறது, அதுவும் கலங்கலில் பயன்படாது. ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் கிருமி நிழலில் ஒளிந்துகொள்ளும். கொதிக்கவைக்கலாம், ஆனால் இரண்டு பேருக்கு எட்டு லிட்டர் கொதிக்கவைக்க எரிபொருள் இல்லை.

ஆகவே அரை நாள் ஓய்வு என்று முடிவு செய்தோம். மடித்த துணியில் வடித்து, பெரிய பையில் ஊற்றி, படிகாரத் துண்டைப் பத்துச் சுற்றுச் சுழற்றி எடுத்துவிட்டு, அசைக்காமல் நிழலில் வைத்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் பஞ்சு பஞ்சாகத் திரள ஆரம்பித்தது, பனி இறங்குவது மாதிரி மெல்ல அடிக்குப் போனது. இரண்டு மணி நேரத்தில் மேல் முக்கால் பங்கு தெளிந்துவிட்டது. அடியைக் கலக்காமல் மேலாக எடுத்து வடிகட்டினேன்.

அப்படியும் ஆறாவது லிட்டரில் ஒழுக்கு மெலிந்தது. சிரிஞ்சால் பின்புறமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன், பழுப்பாக வெளியேறியது. பின்னாலிருந்து அடிக்கும் தண்ணீர் வடிகட்டிய தண்ணீராகவே இருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரை அடித்தால் சுத்தமான பக்கத்தையே அழுக்காக்கிவிடுவோம், அப்புறம் அந்த வடிகட்டியை நம்பவே முடியாது. இதற்காகவே கால் லிட்டரை எப்போதும் ஒதுக்கி வைக்கிறேன்.

ஐந்தாம் நாள். 39 கி.மீ., ஏற்றம் 1,700 மீ.

ஏற்றம் ஏற்றம் ஏற்றம். வளைவுக்கு வளைவு ஓடை இருப்பதால் ஒரு லிட்டருக்கு மேல் யாரும் சுமக்கவில்லை. 3,300 மீட்டரில் கூடாரம். இரவு உறையப்போகிறது. சமையல் சட்டியில் காலைக்கான தண்ணீரை இப்போதே நிரப்பியாயிற்று, உறைந்தாலும் அப்படியே அடுப்பில் வைக்கலாம். பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன், மேல்பக்கம்தான் முதலில் உறையும், மூடி தப்பிக்கும். வடிகட்டி என்னோடு தூங்கும் பைக்குள். விரல் மரத்துப்போகிறது. நாளை எழுதுகிறேன்.

ஆறாம் நாள். 63 கி.மீ., கணவாய் தாண்டி

காலையில் அக்கா கூடாரத்துக்கு வெளியே கையில் வடிகட்டியோடு நின்றார்.

"ஃபோர்க்குலயே விட்டுட்டேன்மா."

உள்ளே ஐஸ். வெயிலில் வைத்தால் உருகிவிடும், தண்ணீரும் பழையபடி வரும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. அங்கேதான் சிக்கல். வடிகட்டிக்குள் இருக்கும் ஈரமான குழல்நாருக்குள் தண்ணீர் உறைந்து விரிந்தால் நார் கீறும். கண்ணுக்குத் தெரியாத கீறல், கிருமிக்கு அகலமான வாசல். இங்கே உட்கார்ந்து அதைச் சோதிக்க நம்பகமான வழி எதுவும் கிடையாது. வேகமாக ஓடினால் கெட்டது, மெதுவாக ஓடினால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உறைந்தது என்றால் முடிந்தது. அக்கா அதைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. என் வடிகட்டியை நீட்டினேன்.

"ஒண்ணுதான் இருக்கு, அதையும் தேய்ச்சிடக் கூடாது. எங்கிட்ட விளக்கு இருக்கில்ல."

சரியான யோசனைதான். மேலே பனி உருகி வருகிற சுனை கண்ணாடி மாதிரி இருந்தது. புற ஊதா விளக்குக்கு இதுதான் ஏற்ற தண்ணீர். 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது, அதற்குமேல் அது பெருக முடியாது. கிரிப்டோவும் வைரஸும் சேர்ந்தே அடங்கும். லிட்டருக்கு ஒன்றரை நிமிடம் கலக்க வேண்டும். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும் என்று அக்கா அதை ராத்திரி முழுக்க மார்புச் சட்டைக்குள் வைத்திருந்தார். வடிகட்டியையும் அங்கேயே வைத்திருக்கலாமே என்று நான் சொல்லவில்லை, அவரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கு தண்ணீரைச் சுத்தமாக்கும், பாட்டிலின் மரையில் ஒட்டியிருக்கும் துளியை அது தொடாது. ஒளி படாத துளி ஓடைத் துளிதான். ஆகவே குவளையில் அள்ளி அகலவாய்ப் பாத்திரத்தில் விளக்கைக் காட்டி, பாத்திரத்தின் விளிம்பை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அப்புறம் அக்காவின் பாட்டிலுக்கு மாற்றினோம்.

காலைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். இந்த உயரத்தில் ஏறத்தாழ 89 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். நூறு வராதே என்று கவலைப்பட வேண்டாம், கிருமிக்கு அந்தச் சூடே அதிகம். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். கணக்கு அவ்வளவுதான்.

நேற்றிரவு படுக்கும் முன் ஒரு பாட்டிலில் மாத்திரையும் போட்டு, தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்திருந்தேன். குளிர்ந்த தண்ணீரில் மருந்து நிதானமாகத்தான் வேலை செய்யும். எட்டு மணி நேரம் நாம் தூங்குகிற நேரத்தில் அது பாட்டுக்கு வேலையை முடித்துவிடுகிறது. மலையில் இதைவிட வசதியான முறை எனக்குத் தெரியவில்லை.

கணவாயில் பத்து நிமிடம்கூட நிற்க விடவில்லை காற்று.

ஏழாம் நாள். 88 கி.மீ., பெரும்பாலும் இறக்கம்

இறங்கும் வழியில் இரண்டு தண்ணீரை வேண்டாம் என்று விட்டோம். ஒன்று பழைய சுரங்கத்துக்குக் கீழே ஓடியது. கல்லெல்லாம் துருப்பிடித்த ஆரஞ்சு நிறம், நீரில் ஒரு பூச்சி இல்லை. மற்றொன்று வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால், பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது. சுரங்கத்து உலோகமும் வயலின் நைட்ரேட்டும் பூச்சிமருந்தும் கரைந்தே வரும். கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் செறிவுதான் கூடும். ஆறு நாளாக எந்தக் கலங்கலையும் குடிநீராக்கிவிட முடிகிறது என்ற தைரியம் வந்திருந்தது. தெளிந்த வாய்க்காலைத் தாண்டிப் போகத்தான் இன்று அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து மூன்றாவது கி.மீ.யில் ஒரு வீட்டு வாசலில் கேட்டோம். குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

இப்போது இரவு. துணியெல்லாம் ஊறுகிறது, வண்டி இன்னும் சேறோடு நிற்கிறது. தண்ணீர்ச் சாமான்களை மட்டும் முதலில் முடித்துவிட்டேன். வடிகட்டியைச் சிரிஞ்சால் தெளிவாக வரும்வரை பின்புறமாகக் கழுவி, வாசனையில்லாத பிளீச் சில சொட்டுக் கலந்த தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டு, முனையைத் திறந்து காற்றில் வைத்திருக்கிறேன். முழுக்கக் காயப் பல நாள் பிடிக்கும். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் அடுத்த பயணத்துக்கு அதில் பூசணம் காத்திருக்கும். மூன்று லிட்டர் பையின் உள்ளே ஒரு குச்சியை விட்டு, பக்கங்கள் ஒட்டாமல் தொங்கவிட்டிருக்கிறேன். பாட்டில் மரைகளைப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் மெல்லிய கறுப்பு வந்தது.

அக்கா போன் செய்தார். "வயிறு எப்படி இருக்கு?" என்றார்.

"இப்ப நல்லாத்தான் இருக்குக்கா. ரெண்டு வாரம் போகட்டும்."

சிவப்பு டேப் ஒரு ஓரத்தில் உரிந்து, ஒட்டும் பக்கத்தில் மணல் அப்பியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புது டேப் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பை காய்ந்ததும் ஹேண்டில்பாரிலேயே மாட்டிவைக்க வேண்டும்.